காதலர் துயரும் குடும்பப் பகையும்
ரோமியோ ஜூலியட் கதையும் தமிழர் கண்ட துன்பியல் கதைகளும்

ஆங்கிலம் பயிலும் மாணாக்கர் அனைவரும் ஷேக்ஸ்பியரின் 'ரோமியோவும் ஜூலியட்டும்' என்னும் நாடகத்தை ஓரளவேனும் அறிந்திருப்பர். முழு நாடகத்தையும் பாடமாகக் கற்றவர் சிலர். சார்ல்ஸ் லாம் என்பாரும் அவர்தம் தமக்கையார் மேரியும் இளைஞர்க்கென 1807இல் வெளியிட்ட கதைச் சுருக்கத்தின் வாயிலாக அறிந்தவர் பலர். திரைப்படத்தில் கண்டவர் அவரினும் பலர். டோம்பிவிலியில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும், மாதுங்கா, செம்பூர், தாராவி ஆகிய பகுதிகளில் வளரும் பிள்ளைகளும் இக்கூட்டத்துள் அடங்குவர். காலை மின்ரயிலின் நெரிசலில் நின்றுகொண்டே பாடக் குறிப்பைப் புரட்டும் மாணவிக்கு இந்நாடகம் ஒரு தேர்வு வினா. பத்து மதிப்பெண் பெற்றுத் தரும் பகுதி. அவ்வளவே.

ஆயினும், இரு குடும்பங்களின் பகையால் இரு இளையோர் மாண்ட கதை வேற்று நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டிலும் அத்தகைய கதைகள் வழங்கியுள்ளன. அவற்றுள் ஒன்றைத் திரையில் காட்டியபோது, ஷேக்ஸ்பியரின் நாடகமே அதற்குத் துணை நின்றது. இவ்வரலாற்றை அறிந்து படிப்போமாயின், நாடகமும் விளங்கும்; நம் கதைகளும் விளங்கும்; நம் வீடுகளைப் பற்றியும் சிறிது விளங்கும். ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்கக் கூற முயல்வோம்.

முதற்கண், இக்கதை ஷேக்ஸ்பியர் புனைந்ததன்று. இத்தாலி நாட்டில் சலெர்னோ நகரத்து மசூச்சியோ என்பார் 1476இல் வெளிவந்த தம் கதைத் தொகுதியில், சியென்னா நகரத்துக் காதலர் இருவரைப் பற்றி இதையொத்த கதை ஒன்றை எழுதினார். ஏறக்குறைய 1530ஆம் ஆண்டளவில் லூயிஜி ட போர்ட்டோ என்பார் அதனை வெரோனா நகரத்துக்கு மாற்றி, காதலர்க்கு இன்று நாம் அறிந்த பெயர்களைச் சூட்டினார். 1554இல் பண்டெல்லோ அதனை விரித்து எழுதினார். 1559இல் அது பிரெஞ்சு மொழிக்குச் சென்றது. அங்கிருந்து 1562இல் ஆர்தர் புரூக் என்னும் ஆங்கிலக் கவிஞர் அதனை நீண்ட செய்யுளாக யாத்தார். அச்செய்யுளே ஷேக்ஸ்பியரின் கைக்கு வந்த மூலம். அவர் நாடகத்தை எழுதிய காலம் ஏறத்தாழ 1595 என்பர். அது 1597இல் பிழை மலிந்த குறும்பதிப்பாகவும், 1599இல் நிறைவான பதிப்பாகவும், 1623இல் அவர்தம் நாடகங்களின் பெருந்தொகுதியிலும் அச்சேறியது.

மூலத்தை ஷேக்ஸ்பியர் எவ்வாறு மாற்றினார் என்பதை நோக்கினால், அவர் கருத்து புலனாகும். புரூக்கின் செய்யுளில் கதை பல மாதங்கள் நடைபெறுகிறது. நாடகத்திலோ ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருச் சண்டையுடன் தொடங்கி, வியாழக்கிழமை விடியலில் கல்லறையில் முடிந்துவிடுகிறது. புரூக்கின் ஜூலியட்டுக்கு அகவை பதினாறு. ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டுக்குப் பதினான்கும் நிரம்பவில்லை. புரூக் தம் முன்னுரையில், பெற்றோர் சொல்லைக் கேளாத காதலர் அடைந்த தண்டனைக்கு இக்கதை எடுத்துக்காட்டு என்று அறிவுரை கூறினார். ஷேக்ஸ்பியர் அவ்வறிவுரையை அறவே விட்டார். அதற்கு மாறாக, தொடக்கத்தில் பதினான்கு அடிகள் கொண்ட பாடல் ஒன்றை அமைத்து, காதலர் இறப்பர் என்பதையும், அவர் இறப்பாலன்றி அவர்தம் பெற்றோரின் பகை ஒழியாது என்பதையும் முன்னதாகவே அவையோர்க்கு உணர்த்திவிட்டார். முடிவு தெரிந்த பின்னர் 'என்ன ஆகுமோ' என்னும் ஆவல் எழுவதில்லை. 'எவ்வாறு ஆயிற்று, எங்கே தடுத்திருக்கலாம்' என்னும் வினாவே எழுகிறது. இந்நாடகத்தைக் கற்பதற்குரிய திறவுகோல் அவ்வினாவே என்பது நம் கருத்து.

அவ்வினாவுடன் நாடகத்தைப் படிப்போர் ஒன்றைக் காண்பர். மாண்டேகு, காப்யுலட் என்னும் இரு குடும்பங்களும் எதன் பொருட்டுப் பகைத்தன என்பது நாடகம் முழுதும் தேடினும் கிடைப்பதில்லை. பழம்பகை என்று மட்டும் கூறப்படுகிறது. காரணம் மறந்துபோன பின்னரும் பகை நின்று நடக்கிறது. வேலையாட்கள்கூடத் தத்தம் வீட்டின் மானத்துக்காகத் தெருவில் வாள் உருவுகின்றனர்.

ஜூலியட்டின் தந்தையை நோக்குவோம். முதல் அங்கத்தில், தம் மகளை மணக்க விரும்பும் பாரிஸ் என்னும் இளங்கோமகனிடம், அவள் இன்னும் சிறியவள், அவள் உள்ளத்தைப் பெறுக, அவள் விருப்பத்தோடு சேர்ந்ததே என் இசைவு என்று நயமாகப் பேசுகிறார். அதே தந்தை மூன்றாம் அங்கத்தில், அம்மணத்துக்கு அவள் மறுத்தவுடன், உன்னைக் கோயிலுக்கு இழுத்துச் செல்வேன், தெருவில் பிச்சை எடுத்துச் சாகலாம் என்று சீறுகிறார். மகளின் விருப்பத்தை மதிப்பதாகச் சொன்னவர், அவ்விருப்பம் தம் விருப்பத்துடன் ஒத்துச் செல்லும் வரையில்தான் மதித்தார். வியாழக்கிழமை என்று குறித்த மணநாளை, மகள் இணங்கினாள் என்ற மகிழ்ச்சியில் புதன்கிழமைக்கு முன் தள்ளுகிறார். அந்த ஒரு நாள் முந்தியதால், ஜூலியட் செவ்வாய் இரவே மயக்க மருந்தைப் பருக நேர்ந்தது. சூழ்ச்சியைத் தெரிவிக்கும் கடிதத்துக்கும் காலம் குறைந்தது.

அக்கடிதமும் போய்ச் சேரவில்லை. அதனை எடுத்துச் சென்ற துறவியை, கொள்ளைநோய் இருந்த வீட்டிற்குச் சென்றவர் என்ற ஐயத்தால் காவலர் உள்ளே அடைத்துக் கதவுக்கு முத்திரை வைத்துவிட்டனர். இது வெறுங் கற்பனையன்று. 1592 முதல் 1594 வரை கொள்ளைநோயின் காரணமாக லண்டன் நாடக அரங்குகள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. அதற்கு அடுத்த ஆண்டளவில் எழுந்த நாடகம் இது. அடைக்கப்பட்ட வீடும் முத்திரையிட்ட கதவும் அன்றைய அவையோர் கண்ணாற் கண்டவை. 2020இல் நாமும் அவ்வாறான கதவுகளைக் கண்டோம் அன்றோ?

இனித் தமிழுக்கு வருவோம். பழந்தமிழ் அகப்பாடல்களில் காதலும் குடும்பத் தடையும் நிரம்ப உண்டு. தலைவனும் தலைவியும் பெற்றோர் அறியாது கூடுவது களவு. அக்களவு வெளிப்பட்டு மணத்தில் முடிவது கற்பு. வீட்டார் தலைவியை வெளியே விடாது காப்பதை இற்செறிப்பு என்றனர். தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் உண்மையை எடுத்துரைப்பதை அறத்தொடு நிற்றல் என்றனர். அவ்வழியும் அடைபட்டால், இருவரும் ஊரை விட்டு நீங்குவது உடன்போக்கு. மகளைத் தேடிப் பாலை வழியில் நடக்கும் செவிலியின் துயரத்தையும், வெறிச்சோடிய வீட்டில் மகள் விளையாடிய பொருள்களைக் கண்டு வருந்தும் தாயின் துயரத்தையும் சங்கப் புலவர் பலகாலும் பாடினர்.

உண்மையை உரிய நேரத்தில் உரியவரிடம் சொல்லுதலுக்கு நம் முன்னோர் 'அறத்தொடு நிற்றல்' என்று பெயரிட்டனர் என்பதை நினைவில் நிறுத்துக. வெரோனாவிலும் ஒரு செவிலி உண்டு. ஒரு துறவியும் உண்டு. இருவரும் உண்மை அறிந்தவர். இருவரும் காதலர்க்கு உதவினர். ஆயினும் இருவருள் ஒருவரேனும் பெற்றோர் முன் நின்று உண்மையைச் சொன்னாரல்லர். தமிழ்த் தோழி செய்த ஒன்றை அவர் செய்யாது விட்டமையே அக்கதை துன்பத்தில் முடிந்ததற்கு ஒரு காரணம் எனலாம்.

அகப்பாடல்களில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் மரபன்று. பெயர் சுட்டியவுடன் அது ஒருவரது வாழ்க்கை வரலாறாகி, அகத்தினின்றும் நீங்கிவிடும். பிற்காலத்துச் செவிவழிக் கதைகளிலோ காதலர் பெயருடன் தோன்றுகின்றனர். அவற்றுள் தலையாயது அம்பிகாபதி அமராவதி கதை.

கம்பரின் மகன் என்று கூறப்படும் அம்பிகாபதி, சோழ மன்னன் மகள் அமராவதியைக் காதலித்தான். மன்னன் வெகுண்டான். சிற்றின்பம் சிறிதும் கலவாத நூறு பாடல்களை அவையில் பாடினால் உயிர் பிழைக்கலாம் என்று கட்டளையிட்டான். அமராவதி மறைவிலிருந்து எண்ணி வந்தாள். முதலில் பாடிய காப்புச் செய்யுளையும் கணக்கிற் சேர்த்துவிட்டாள். தொண்ணூற்றொன்பது முடிந்த அளவில், நூறும் நிறைந்தது என்று மகிழ்ந்து வெளியே வந்து நோக்கினாள். அவளைக் கண்ட அம்பிகாபதி அவள் அழகைப் பாடிவிட்டான். அவன் கொலைக்களம் சென்றான். அவளும் உயிர் நீத்தாள். இது கதை.

இதனை வரலாறு என்று ஆராய்ச்சியாளர் ஏற்பதில்லை. கம்பர் வாழ்ந்த காலமே 9ஆம் நூற்றாண்டு என்றும் 12ஆம் நூற்றாண்டு என்றும் அறிஞரால் வழக்கிடப்படுகிறது. அம்பிகாபதியின் பெயரால் கோவை நூல் ஒன்றும் தனிப்பாடல்கள் சிலவும் வழங்குகின்றன. எனினும் மக்கள் நெஞ்சில் இக்கதை வரலாற்றினும் ஆழமாக வேரூன்றியது. புலவன் மகனும் அரசன் மகளும் சமமாவரோ என்னும் வினா அதன் உயிர்நாடி.

இரு கதைகளையும் அருகருகே வைத்து நோக்குக. அங்கே ஒரு கடிதம் சேரவில்லை; இங்கே ஓர் எண்ணிக்கை தவறியது. பார்வைக்கு இவ்விரு சிறு பிழைகளே காதலரைக் கொன்றன போலத் தோன்றும். கற்போர் பலரும் விதியின் விளையாட்டு என்று எழுதி முடித்துவிடுவர். ஆனால், கடிதம் ஒன்று தாமதித்தால் உயிர் போகும் என்னும் நிலைமையை உண்டாக்கியவர் யார்? பாடல் ஒன்று குறைந்தால் தலை போகும் என்று விதித்தவர் யார்? பிழை இளையோருடையது, அப்பிழைக்குக் கொலைத்தண்டனை என்னும் விலை முதியோர் வைத்தது. தேர்வுத்தாளில் விதி என்று எழுதுமுன், மாணாக்கர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

இத்தகைய துன்பமுடிவு நம் நாட்டு மேடைக்கு எளிதில் வந்ததன்று. வடமொழி நாடக மரபு மேடையில் மரணத்தைக் காட்டுவதைத் தவிர்த்தது. நாடகங்கள் நன்முடிவு எய்தின. நம் தெருக்கூத்தும் பிற்கால இசை நாடகங்களும் மங்களம் பாடியே முடிந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கல்வி பரவியபோதுதான் துன்பியல் நாடகம் தனி வகையாக மேடைக்கு வந்தது. மராத்தி மொழியில் கோபால் கணேஷ் ஆகர்கர் ஹாம்லெட் நாடகத்தை 1883இல் 'விகாரவிலசித' என்னும் பெயரால் ஆக்கினார். கோவிந்த பல்லாள தேவல் ஒதெல்லோவை 1890இல் 'ஜுஞ்சார்ராவ்' ஆக்கினார். ரோமியோ ஜூலியட் நாடகத்தைப் பிற்காலத்தில் மராத்தியாக்கியவர் கவிஞர் மங்கேஷ் பாட்காவ்கர் ஆவார்.

மராத்தி மேடைக்கும் தமிழ் மேடைக்கும் உள்ள உறவு மராட்டிய மண்ணில் வாழும் நாம் அறியத்தக்கது. 1843இல் சாங்லியில் விஷ்ணுதாஸ் பாவே தொடங்கி வைத்த நாடக மரபு, ஊர் ஊராகச் சென்ற குழுக்களின் வழியே தெற்கும் பரவியது. தஞ்சையைச் சேர்ந்த மராட்டியரான கோவிந்தசாமி ராவ் அத்தகைய குழுவினரின் நாடகத்தால் ஊக்கம் பெற்றுத் தமிழ் நாடகக் குழு ஒன்றை நடத்தினார். இன்று மராத்தி ரசிகர் நிறைந்த டோம்பிவிலியின் சாவித்ரிபாய் புலே அரங்கில் அமர்ந்து நாடகம் காணும் தமிழர், தம் மொழி நாடகத்தின் உறவினர் வீட்டிலேயே அமர்ந்திருக்கின்றனர் எனலாம்.

சென்னையில் 1891இல் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார், ஷேக்ஸ்பியரைத் தமிழ் மேடைக்குக் கொணர்ந்தவருள் முதன்மையானவர். ஹாம்லெட்டை 'அமலாதித்தன்' என்றும், மாக்பெத்தை 'மகபதி' என்றும், வெனிஸ் வணிகனை 'வாணீபுர வணிகன்' என்றும், சிம்பலினைச் 'சிம்ஹளநாதன்' என்றும் அவர் ஆக்கினார். ஆங்கிலப் பெயர்களை ஒலியொற்றித் தமிழ்ப்படுத்தி, கதையை நம் நாட்டு அரச குடும்பங்களில் நிகழ்வதாக மாற்றுவது அவர் முறை. கற்றவர் மேடையில் நடிப்பது இழிவு என்று கருதப்பட்ட காலத்தில், வழக்கறிஞரும் பிற அலுவலரும் அவர் சபையில் வேடம் புனைந்தனர். துன்பமுடிவைப் பொறுக்கும் பழக்கத்தைத் தமிழ் அவையோர்க்கு உண்டாக்கிய பெருமையில் அவர்க்குப் பெரும் பங்குண்டு.

எனினும் ரோமியோ ஜூலியட் தமிழ்ப் பொதுமக்களைப் பேரளவில் சென்றடைந்தது மேடையின் வழியாக அன்று, திரையின் வழியாக. அதுவும் தன் சொந்தப் பெயரில் அன்று, அம்பிகாபதியின் பெயரில். அவ்வரலாறு சுவையானது.

அமெரிக்க நாட்டு ஒஹையோ மாநிலத்தில் பிறந்த எல்லிஸ் ஆர். டங்கன் என்பார், கலிபோர்னியாவில் தம்முடன் திரைக்கலை பயின்ற மாணிக்லால் டாண்டனுடன் 1935இல் இந்தியாவுக்கு வந்தார். தமிழ் அறியாத அவர் 1936இல் 'சதி லீலாவதி' என்னும் தமிழ்ப் படத்தை இயக்கினார். பின்னாளில் புகழ் பெற்ற எம். ஜி. ராமச்சந்திரன் முதன்முதல் திரையில் தோன்றியது அப்படத்திலேயே. அடுத்த ஆண்டில் டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி' வெளிவந்தது. எம். கே. தியாகராஜ பாகவதர் அம்பிகாபதியாகவும், எம். ஆர். சந்தானலட்சுமி அமராவதியாகவும், செருகளத்தூர் சாமா கம்பராகவும் நடித்தனர். பாபநாசம் சிவன் பாடல்களை அமைத்தார். உரையாடல் எழுதியவர் இளங்கோவன்.

அம்பிகாபதி கதைக்கும் ஷேக்ஸ்பியரின் நாடகத்துக்கும் உள்ள ஒற்றுமை டங்கனுக்குப் புலப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே ரோமியோ ஜூலியட் அமெரிக்காவில் பெரும் பொருட்செலவில் படமாக வெளிவந்திருந்தது. அவர் ஆங்கில நாடகப் பிரதியில் காதற்காட்சிகளுக்குரிய பகுதிகளைக் கோடிட்டு இளங்கோவனிடம் தந்தார் என்றும், அவற்றை இளங்கோவன் தமிழாக்கி உரையாடலிற் சேர்த்தார் என்றும் திரை வரலாறு கூறும். மொழியறியாத இயக்குநர் ஒருவரும் இரு மொழியும் தேர்ந்த எழுத்தாளர் ஒருவரும் கூடிச் செய்த இப்பணியால், வெரோனா நகரத்துத் தோட்டத்தில் எழுந்த சொற்கள் சோழன் அரண்மனைத் தோட்டத்தில் தமிழாக ஒலித்தன. கொட்டகையில் அமர்ந்திருந்த பல்லாயிரவர் ஷேக்ஸ்பியரின் பெயரையே கேளாதவர். ஆயினும் அவர் சொற்களுக்கு உருகினர். படம் பெருவெற்றி பெற்றது. திரைப்படத்தில் உரையாடலுக்கெனத் தனி மதிப்பு ஏற்படவும், உரையாடலாசிரியரின் பெயரை மக்கள் அறியவும் இப்படம் வழி திறந்தது. பின்னர் 1957இல் ப. நீலகண்டன் இயக்கத்தில், சிவாஜி கணேசனும் பானுமதியும் நடிக்க அதே கதை மீண்டும் படமாயிற்று.

டங்கன் 1950இல் இயக்கிய 'பொன்முடி'யும் ஈண்டு நினைக்கத்தக்கது. பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' என்னும் காவியத்தைத் தழுவிய அப்படம், இரு வணிகக் குடும்பங்களின் பிணக்குக்கு இடையே அகப்பட்ட காதலரைப் பற்றியது. அவ்வாண்டிலேயே டங்கன் இந்தியாவை விட்டு நீங்கினார்.

இதுகாறும் கூறியவை கற்றோரும் கலைஞரும் பேணிய கதைகள். பொதுமக்கள் தாமே பாடிக் காத்த துன்பக் கதை ஒன்றுண்டு. தாராவியில் வாழும் தமிழருட் பெரும்பகுதியினர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர். அச்சீமையின் கோயிற் கொடைகளில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் முத்துப்பட்டன் கதை அவர்களுக்குப் புதிதன்று.

முத்துப்பட்டன் அந்தணர் குலத்தில் பிறந்தவன். உடன்பிறந்தார் பலர்க்கு இளையவன். அவன் காட்டு வழியில் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரியரைக் கண்டு காதல் கொண்டான். அவர்கள் சக்கிலியர் குலத்தவரான வாலப்பகடையின் மக்கள். தந்தை எளிதில் இசையவில்லை. குடுமியும் பூணூலும் களைந்து, செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்றுத் தம்முடன் ஒருவனாகி வந்தால் பெண் தருவேன் என்றார். தமையன்மார் தடுத்தனர், அடைத்தும் வைத்தனர். பட்டன் அனைத்தையும் துறந்து சென்று மணந்தான். மணம் முடிந்த அணிமையிலேயே, மாமனாரின் காவலிலிருந்த மாடுகளைக் கள்வர் கவர, அவர்களுடன் போரிட்டு மடிந்தான். மனைவியர் இருவரும் தீப்பாய்ந்தனர். பாபநாசம் மலைமேல் தாமிரபரணிக் கரையில் உள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயனாக வழிபடப்படுகிறான். அடியார் அவனுக்குத் தோற்செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகின்றனர். எந்தத் தொழிலை ஏற்றதனால் உறவினர் அவனை இழிந்தவன் என்றனரோ, அத்தொழிலின் பொருளே அவன் சந்நிதியில் புனிதமாயிற்று.

பேராசிரியர் நா. வானமாமலை 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக இக்கதைப் பாடலைப் பதிப்பித்தார். அவர் சுட்டிக்காட்டிய செய்தி ஒன்று நம் சிந்தனைக்குரியது. சில பாடங்களில், அப்பெண்கள் உண்மையில் அந்தணக் குழந்தைகள் என்றும், காட்டில் விடப்பட்டவரைப் பகடை எடுத்து வளர்த்தார் என்றும் ஒரு பகுதி பின்னர்ச் சேர்க்கப்பட்டது. சாதி கடந்த காதலைப் பொறுக்காத மனம், இறந்தவரின் பிறப்பையே மாற்றி எழுதித் தன்னை ஆற்றிக்கொண்டது. வெரோனாவில் பகைக்குக் காரணம் மறந்துபோயிற்று. பொதிகை மலையடியிலோ காரணம் யாவர்க்கும் தெரிந்திருந்தது. ஆதலால் அதை மறைக்க வேண்டியிருந்தது.

புலம்பெயர்ந்தோரின் வாழ்வையும் இக்கதை தொடாமல் இல்லை. 1981இல் கே. பாலசந்தர் இயக்கிய 'ஏக் தூஜே கே லியே' என்னும் இந்திப் படம், அவரே 1978இல் எடுத்த 'மரோ சரித்ரா' என்னும் தெலுங்குப் படத்தின் மறு ஆக்கம். கமல்ஹாசன் தமிழ் இளைஞனாகவும், ரதி அக்னிஹோத்ரி அடுத்த வீட்டு வடநாட்டுப் பெண்ணாகவும் நடித்தனர். இரு வீட்டாரும் ஒருவர் மொழியை ஒருவர் இகழ்ந்தனர், உணவை இகழ்ந்தனர், காதலர் மாண்டனர். 1995இல் வெளிவந்த மணிரத்னத்தின் 'பம்பாய்' படத்தில், நெல்லைச் சீமைச் சிற்றூர் ஒன்றின் இந்து இளைஞனும் இசுலாமியப் பெண்ணும் வீட்டார் சினத்துக்குத் தப்பி இந்நகருக்கு ஓடி வருகின்றனர். பழந்தமிழர் உடன்போக்கு என்று கூறிய அதே பயணம். அன்று வேற்றூர் சென்று சேர்ந்த காதலர், இக்கதையில் 1992, 1993ஆம் ஆண்டுக் கலவரத்தின் நடுவே நிற்கின்றனர். பகைத்த பெற்றோர் பேரப்பிள்ளைகளைக் காண வந்து ஒன்றுபடுகின்றனர். ஒன்றுபட்ட பின் கலவரத் தீயில் மடிகின்றனர்.

இக்கதைகளைப் பழங்கதை என்று ஒதுக்க இயலுமாயின் நன்று. இயலவில்லை. 2016 மார்ச்சு மாதம் உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த பொறியியல் மாணவர் ஒருவர் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். உடன் சென்ற மனைவி காயத்துடன் உயிர் தப்பினார். சாதி, சமயம் கடந்து மணப்பதற்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் வழி செய்து பல்லாண்டு ஆயிற்று. வயது வந்த இருவர் தம் விருப்பத்தால் மணப்பதில் குடும்பமோ சாதிக் கூட்டமோ தலையிடுதல் சட்டத்துக்கு மாறானது என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சு 27இல் தீர்ப்பளித்து, அச்சுறுத்தப்படும் இணையர்க்குப் பாதுகாப்பு இல்லங்கள் அமைப்பது பற்றியும் மாநில அரசுகளுக்கு நெறி கூறிற்று. சட்டம் உண்டு, தீர்ப்பும் உண்டு. ஆயினும் சட்டம் வீட்டு வாயிலில் நிற்பது. காப்யுலட்டின் சீற்றம் வீட்டின் உள்ளே எழுவது.

ஊரை விட்டு வந்து ஒரு தலைமுறையோ இரு தலைமுறையோ ஆன நம்முள்ளும் அச்சீற்றம் முற்றும் அவிந்துவிட்டது என்று கூற இயலாது. டோம்பிவிலியின் அடுக்கு வீடுகளில் நம் பிள்ளைகள் மராத்தியர், குஜராத்தியர், மலையாளிகள், வடநாட்டார் ஆகியோரின் பிள்ளைகளுடன் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கி வளர்கின்றனர். அவர்களுக்கு அயலார் என்போர் இலர். நமக்கோ, பொங்கலுக்கு அழைக்கும் அடுத்த வீட்டார் வேறு. சம்பந்தி ஆகத் தக்கவர் வேறு. மணப்பேச்சு எழும் நாளில், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் விட்டுவந்த சிற்றூரின் தெருக்கள் நம் கூடத்துள் வந்து நிற்கின்றன. ஊரில் உள்ளோர்கூட மறந்து வரும் வேற்றுமைகளைத் தொலைவில் உள்ள நாம் பொன்போலப் பொதிந்து வைத்திருப்பதும் உண்டு. பண்பாட்டைக் காப்பதாக எண்ணிப் பகையைக் காத்துவரும் இப்பிழைக்குப் புலம்பெயர்ந்தோர் எளிதில் ஆளாவர்.

ஆதலின் இந்நாடகத்தைக் கற்கும் பிள்ளைகளுக்கும், அவர்தம் பெற்றோர்க்கும் ஒரு முறையைக் கூற விரும்புகிறோம். நாடகத்தைத் தனியே படியாது, வீட்டில் வாய்விட்டுப் படிக்கலாம். ஜூலியட்டின் பகுதியை மகளும், காப்யுலட்டின் பகுதியைத் தந்தையும் படிக்கலாம். மூன்றாம் அங்கத்துச் சினமொழிகளைத் தம் குரலில் தாமே கேட்கும் தந்தைக்கு விளக்கவுரை தேவைப்படாது. அடுத்து, எந்தெந்த இடத்தில் யார் என்ன செய்திருந்தால் இத்துயரைத் தவிர்த்திருக்கலாம் என்று ஒரு பட்டியல் எழுதுக. செவிலி எப்போது பேசியிருக்கலாம்? துறவி யாரிடம் சென்றிருக்கலாம்? தந்தை எந்த நாளில் பொறுத்திருக்கலாம்? இளையோரும் எந்த நொடியில் அவசரப்படாது நின்றிருக்கலாம்? உயிரைப் போக்கிக்கொள்ளுதல் காதலின் பெருமையன்று, வேறு வழி உண்டு என்பதையும் அப்போதே பேசிவிடலாம். பின்னர் அம்பிகாபதி கதையையும் முத்துப்பட்டன் கதையையும் தாத்தா பாட்டியர் வாயிலாகக் கேட்டு, அதே வினாக்களை எழுப்புக. தமிழ் எழுதப் படிக்க அறியாத பிள்ளைக்கும் இவ்வழியால் இரு இலக்கியங்கள் ஒருங்கே கிடைக்கும்.

நாடகத்தின் இறுதியில் இரு தந்தையரும் கைகோத்து, மற்றவர் பிள்ளைக்குப் பொன்னாற் சிலை எடுப்பேன் என்று போட்டியிட்டுக் கூறுகின்றனர். பகை ஒழிந்தது, செல்வம் குறையவில்லை, பிள்ளைகள்தாம் இலர். சிலை எடுக்கும் பொன்னையும் பெருந்தன்மையையும் அவர்கள் நான்கு நாள் முன்னதாகக் காட்டியிருப்பின் நாடகமே நிகழ்ந்திராது. பிள்ளை வந்து தன் உள்ளத்தைச் சொல்லும் நாளில் அமர்ந்து கேட்கும் பொறுமை நம் வீடுகளில் இருக்குமாயின், இந்நாடகத்தை நாம் தேர்வுக்காக மட்டும் கற்கவில்லை என்பது உறுதியாகும்.